காணாமற்போன பதினான்கு எழுத்துகள்

எங்கள் வீட்டில் அரிசி புடைத்துக் கல் பொறுக்கினால் முறத்தின் ஓரத்தில் மூன்று சிறு குவியல்கள் சேரும். கல் ஒன்று, உமி கழலாத நெல் ஒன்று, சிவப்பு மணிகள் ஒன்று. கல் வாசலுக்குப் போகும், நெல் குருவிக்குப் போகும். சிவப்பு மணிகளை மட்டும் பாட்டி உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிப் பார்ப்பாள். “கலப்பு விழுந்திருக்கு” என்று சொல்லிக் கோழிக்கு வீசுவாள். வெள்ளை அரிசிக்குள் புகுந்துவிட்ட வெளியூர்க்காரன் என்றுதான் நானும் அந்தச் சிவப்பு மணியைப் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

உறவுமுறை தலைகீழ் என்பது பிறகுதான் தெரிந்தது. நெல்லின் பூர்வீக நிறம் சிவப்பு. ஆசியச் சதுப்புகளில் தானாக முளைத்துத் தானாக உதிரும் காட்டு நெல்லை உமி நீக்கிப் பார்த்தால் உள்ளே செம்மண் நிறத்தில் அரிசி இருக்கும். வெள்ளை பிற்பாடு வந்தது. நெல்லின் ஒவ்வோர் உயிரணுவிலும் சுமார் 39 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு மரபுச் சுவடி இருக்கிறது. அதைப் படியெடுக்கையில் எங்கோ ஒரு செடியில் 14 எழுத்துகள் விடுபட்டன. உலகத்தில் இன்று விளையும் வெள்ளை அரிசியில் பெரும்பகுதி அந்த ஒரே விடுபடலின் வாரிசு. ஓலையைப் பிரதி எடுத்தவர் கண் தவறி ஒரு சொல்லை விட்டுவிட, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பிரதியையே பிரதி எடுத்ததுபோல.

இங்கே நான் எழுத வந்தது அந்தப் பதினான்கின் பயணத்தை. ஒரு பொருளின் பயணம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு குறை பயணம் செய்த கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், கடைத்தெருவில் நாள்தோறும் நடக்கும் குழப்பம். வெள்ளை அரிசி என்றால் ஆலையில் தீட்டி வெள்ளையாக்கியது, சிவப்பரிசி என்றால் தீட்டாதது என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் சாப்பிடும் பொன்னியை உமி மட்டும் நீக்கி, தவிடு போகாமல் எடுத்தால் அது வைக்கோல் நிறம் கலந்த மங்கிய பழுப்பாக இருக்கும், சிவக்காது. மாப்பிள்ளைச் சம்பாவையோ பூங்காரையோ அப்படியே எடுத்தால் செங்கல் நிறம் தெரியும். இரண்டையும் விடாமல் தீட்டினால் இரண்டும் கடைசியில் வெளுத்துப் போகும். சிவப்பரிசியில் மட்டும் அங்கங்கே ஒரு சிவப்புக் கோடு மிஞ்சும். ஆக நிறம் இருப்பது அரிசியின் மேல்தோலில். உள்ளே உள்ள மாவு இரண்டிலும் வெள்ளைதான். உமியின் நிறம் வேறு கணக்கு. கருங்குறுவையின் பெயரிலுள்ள கருமை உமியைச் சேர்ந்தது. உமி நீங்கினால் அரிசி சிவப்பு. உமிக்கு ஒரு மரபணு, தோலுக்கு ஒரு மரபணு, ஒன்றை ஒன்று கேட்டு நடப்பதில்லை. கருப்புக் கவுனியின் கருமையோ தோலிலேயே இருப்பது, ஆனால் அதை இயக்குவது நான்காம் குரோமோசோமில் இருக்கும் இன்னொரு மரபணு. அந்தக் கதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

சிவப்பைப் பற்றி மட்டும் பேசுவோம். அந்த நிறத்தைத் தருவது ஒரு வகைத் துவர்ப்பு. தேயிலையிலும் கடுக்காயிலும் நாக்கை இழுத்துப் பிடிக்கும் டானின்களின் இனத்தைச் சேர்ந்தது. வேதியியலில் புரோஆந்தோசயனிடின் என்பார்கள். கதிரில் மணி இளசாக இருக்கையில் தோலில் இது நிறமின்றி ஊறுகிறது. மணி முற்றிக் காயும்போது காற்றுப்பட்டுச் சிவக்கிறது, வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பதுபோல.

இந்தத் துவர்ப்பைச் செய்வது ஒரு வரிசை நொதிகள். பட்டறையில் ஆளுக்கொரு வேலை பார்க்கும் கொல்லர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கொல்லர்கள் இருந்தால் போதாது, “வேலையைத் தொடங்கு” என்று சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டும். நெல்லின் ஏழாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுதான் அந்த மேஸ்திரி. அதன் பெயர் ஆர்சி. மற்ற மரபணுக்கள் மேல் போய் உட்கார்ந்து அவற்றை இயக்கும் ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. முதலாம் குரோமோசோமில் ஆர்டி என்றொரு மரபணு. அது கொல்லர்களில் ஒருவர். மேஸ்திரியும் அந்தக் கொல்லரும் இருந்தால் அரிசி சிவப்பு. மேஸ்திரி இருந்து கொல்லர் இல்லையென்றால் பழுப்பு. மேஸ்திரியே இல்லையென்றால் எத்தனை கொல்லர்கள் இருந்தும் பட்டறை திறக்காது. அரிசி வெள்ளை.

பதினான்கு எழுத்துகள் விடுபட்டது மேஸ்திரியின் மரபணுவில். ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளமுள்ள அந்த மரபணுவில் பதினான்கு போனால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். கெடுவது எண்ணிக்கையால் அல்ல. உயிரணு இந்தச் சுவடியை இடைவெளி விடாமல் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. தமிழிலேயே ஓர் உதாரணம் செய்து பார்க்கலாம். எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள்: உழவு, வயல், கதிர், அரிசி. சேர்த்து எழுதினால் ‘உழவுவயல்கதிர்அரிசி’. மும்மூன்றாகப் பிரித்தால் பொருள் சரியாக வரும். இதில் ‘வய’ என்ற இரண்டு எழுத்தை உருவிவிட்டு மறுபடி பிரித்துப் பாருங்கள். உழவு, ல்கதி, ர்அரி, சி. முதல் சொல்லோடு பொருள் நின்றுவிட்டது. அதற்கப்புறம் வருவது எந்த மொழியும் இல்லை. புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்று இலக்கணம் படித்தவர்கள் சிரிப்பார்கள். மூன்று விடுபட்டிருந்தால் ஒரு சொல் போயிருக்கும், மற்றவை பிழைத்திருக்கும். பதினான்கு மூன்றால் வகுபடாத எண். பன்னிரண்டு போக இரண்டு மிஞ்சுகிறது. அந்த இரண்டுதான் பின்னால் வரும் எல்லாவற்றையும் குலைத்தது. குலைந்த வரிகளுக்கு நடுவே ‘இங்கே நிறுத்து’ என்று பொருள்படும் மூன்றெழுத்து ஒன்று தற்செயலாக அமைந்துவிட, புரதம் அரைகுறையாக முடிந்துபோகிறது. கையில்லாத மேஸ்திரி.

இப்படிப் பிழை பட்ட செடி ஒன்று ஏதோ ஒரு வயலில் நின்றது. அதை யார், எப்படிக் கண்டார்கள்? எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான்.

நிறம் உமிக்குள் ஒளிந்திருக்கிறது. வரப்பில் நின்று பார்க்கும் உழவனுக்குச் சிவப்பரிசிக் கதிரும் வெள்ளையரிசிக் கதிரும் ஒன்றுபோலத்தான் தெரியும். நெல்லைக் குற்றினால்தான் நிறம் வெளிப்படும். குற்றிய பிறகு அது சோற்றுக்குப் போகிற அரிசி, விதைக்குப் போகிற நெல் அல்ல. ஆகவே முதல் வெள்ளையைக் கண்டவர் உரல் பக்கம் நின்ற ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒரு கட்டுக் கதிரில் பாதியைக் குற்றிப் பார்த்து, மீதியை நெல்லாக எடுத்து வைத்திருக்க வேண்டும். அல்லது புடைக்கும்போது வெள்ளை மணி கண்ணில் பட்டு, அந்தக் கதிர் வந்த இடத்தைத் தேடிப் போயிருக்க வேண்டும். பாட்டி சிவப்பைப் பொறுக்கியதுபோல, அன்று யாரோ வெள்ளையைப் பொறுக்கியிருக்கிறார்கள். ஆனால் கோழிக்கு வீசவில்லை.

அவர்களுக்கு இயற்கை இரண்டு விதத்தில் உதவியது. அரிசியின் மேல்தோல் பிள்ளையுடையது அல்ல, தாயுடையது. உள்ளே இருக்கும் முளையும் மாவும் தாய் தந்தை இருவருக்கும் பொது. அதைச் சுற்றியிருக்கும் தோல் தாய்ச்செடியின் உடம்பு. தாயின் சேலையில் கட்டிய தூளிக்குள் கிடக்கும் குழந்தை மாதிரி. எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் சேலையின் நிறம் மாறாது. அதனால் ஒரு செடியின் எல்லா மணிகளும் ஒரே நிறமாக இருக்கும். மக்காச்சோளக் கதிரில் மஞ்சளும் வெள்ளையும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நிறம் உள்மாவில் இருக்கிறது, ஒவ்வொரு மணிக்கும் தனித் தந்தை. நெல்லில் அப்படியில்லை. ஒரு செடி வெளுத்தால் முழுக் கதிரும் வெளுக்கும்.

இரண்டாவது உதவி, வெள்ளை ஒடுங்கு பண்பு. ஒரு செடிக்கு மேஸ்திரியின் மரபணு இரண்டு படிகள். ஒன்று நல்லதாக இருந்தாலே சிவப்பு வந்துவிடும். வெள்ளையாகத் தெரிகிற செடியில் இரண்டு படியும் பழுதானவை என்பது உறுதி. நெல் பெரும்பாலும் தன் பூவிலேயே தன்னைச் சூலாக்கிக் கொள்வதால், வெள்ளையை விதைத்தால் வெள்ளையே வரும். சிவப்பு அப்படியல்ல; தனக்குள் ஒரு வெள்ளையை ஒளித்து வைத்துக்கொண்டு நான்கில் ஒரு பங்கு பேரப்பிள்ளைகளில் திடீரென்று காட்டும். வெள்ளை வேண்டுமென்று முடிவு செய்தவர்களுக்குத் தேர்வு சுலபம், சிவப்பு வேண்டுமென்றவர்களுக்குத்தான் கஷ்டம்.

ஏன் வெள்ளை வேண்டும் என்று நினைத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். துவர்ப்பு குறைவு, சீக்கிரம் வேகும், வண்டும் பூஞ்சையும் வெள்ளையில் சட்டென்று தெரியும். எல்லாம் நியாயம்தான். அரிதாகக் கிடைத்ததால் உயர்ந்ததாகவும் தோன்றியிருக்கலாம் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். மனிதரின் ருசிக்கு எப்போதும் காரணம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நெல்லில் இரண்டு பெருங்குடும்பங்கள் உண்டு. ஜப்போனிகா சீனத்தின் யாங்சி ஆற்றுப் பக்கத்தில் பழக்கப்பட்டு வளர்ந்த குடும்பம், குட்டையும் குண்டுமான மணி. இண்டிகா வெப்பநிலத்துக் குடும்பம். நம் சம்பாவும் குறுவையும் அதில் அடங்கும். இரு குடும்பங்களிலும் வெள்ளை அரிசி உண்டு என்பதால், இரண்டிலும் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்றே யாரும் நினைப்பார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சூசன் மெக்கவுச்சின் குழு 2007-இல் உலகெங்கும் இருந்து திரட்டிய நெல் ரகங்களின் மரபணுவை ஒப்பிட்டபோது வேறு கதை வந்தது. வெள்ளை ரகங்களில் 97.9 விழுக்காட்டில் அதே பதினான்கு எழுத்துகள், அதே இடத்தில், இல்லை. இந்தப் பிழை ஒரு தடவைதான் நேர்ந்திருக்கிறது, அதுவும் ஜப்போனிகா குடும்பத்தில்.

அப்படியானால் இண்டிகாவுக்கு எப்படி வந்தது? கட்டிக்கொடுத்துத்தான். புகுந்த வீட்டுக்குப் போகும் பெண் சீர்வரிசையோடு போவாள். அதுபோல இண்டிகா வெள்ளை ரகங்களில் அந்த விடுபடலை ஒட்டி இருபுறமும் கொஞ்சதூரம் ஜப்போனிகா எழுத்துகளே இருக்கின்றன. அந்தத் துண்டைத் தாண்டினால் எல்லாம் சுத்த இண்டிகா. தலைமுறைதோறும் சீர்ப்பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிப்போய்க் கடைசியில் ஒரு குத்துவிளக்கு மட்டும் மிஞ்சியதுபோல, மக்கள் விரும்பிய அந்தப் பிழையும் அதன் அக்கம்பக்கமும் மட்டும் தங்கிவிட்டன. நெற்பூவின் மகரந்தம் சில நிமிடங்களே உயிரோடு இருக்கும். நூறு பூவில் ஒன்றுகூட அயலாரோடு கலப்பது அபூர்வம். அந்த அபூர்வக் கலப்பில் பிறந்த வெள்ளையை ஒவ்வோர் ஊரிலும் யாரோ கண்டு, எடுத்து வைத்து, அடுத்த ஊருக்குக் கொடுத்திருக்கிறார்கள். தானாகப் பரவியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. காட்டில் இந்தப் பிழையால் செடிக்கு ஒரு லாபமும் இல்லை. நட்டம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

மிஞ்சிய இரண்டு சொச்ச விழுக்காட்டிலும் சுவாரசியம் இருக்கிறது. வங்கப் பக்கத்து ஔஸ் நெல்களில் சிலவற்றில் அதே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, சிவப்பு மங்கியிருக்கிறது. ஆப்பிரிக்காவிலோ நெல்லே வேறு இனம். நைஜர் ஆற்றங்கரையில் ஆப்பிரிக்கர்கள் தாங்களாகவே பழக்கிய நெல் அது, பெரும்பாலும் சிவப்பு. அதிலும் சில வெள்ளை ரகங்கள் உண்டு. 2010-இல் அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது அங்கேயும் பழுதானது அதே மேஸ்திரி. பிழை மட்டும் வேறு, இடம் வேறு. ஆசியாவைக் கேட்காமலே ஆப்பிரிக்கர்களும் அதே ஆளின் கையைக் கட்டியிருக்கிறார்கள்.

பயணத்தில் எல்லா வாசலும் திறக்கவில்லை. கேரளம் இன்றும் மட்ட என்ற சிவப்பரிசியைக் கேட்கிறது. பட்டாம்பி நெல் ஆய்வு நிலையத்தில் உள்ளூர்ச் சிவப்பு ரகத்தோடு ஐ.ஆர். 8 என்ற வெள்ளை அதிசயத்தை இணைத்து 1974-இல் ஜோதியை வெளியிட்டபோது, குட்டைத்தண்டையும் விளைச்சலையும் ஐ.ஆர். 8-இடமிருந்து வாங்கிக்கொண்டு, நிறத்தை மட்டும் வாங்க மறுத்தார்கள். தமிழ்நாட்டில் திரூரில் வந்த டி.கே.எம். 9-உம் அப்படி ஐ.ஆர். 8-இன் பிள்ளை, ஆனால் சிவப்பு. யாழ்ப்பாணத்தில் மொட்டைக்கறுப்பன் குத்தரிசிச் சோறும், சிவப்புப் பச்சையரிசி மாவில் அவித்த பிட்டும் இன்றும் அன்றாடம். கடை வெள்ளையரிசியை அங்கே விருந்தாளியாகவே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. இலங்கையின் ஆய்வு நிலையங்களும் ஏடி 362 போன்ற சிவப்பு ரகங்களைப் புதிதாக உருவாக்கித் தருகின்றன. சரக சம்ஹிதை நெல் வகைகளில் செந்நெல்லுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம், வைத்தியத்துக்காக அல்ல, வரலாற்றுக்காக.

ஜப்பானில் நடந்தது வேறு. அங்கே வெள்ளை ஏறக்குறைய முழு வெற்றி பெற்றது. ஆனால் நல்ல நாளில் இன்றும் ‘செகிஹான்’, அதாவது சிவப்புச் சோறு, பொங்குகிறார்கள். அரிசி வெள்ளைதான், அசுக்கி என்ற சிறு சிவப்புப் பயறைச் சேர்த்து வேகவைத்து அந்த நிறத்தை வரவழைக்கிறார்கள். அசல் சிவப்பு நெல்லைச் சாமிக்காக விளைவிக்கும் ஊர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: சுஷிமா தீவு, தனேகாஷிமா தீவு, ஒகயாமா மாகாணத்து சோஜா. அங்கே சிவப்பு நெல் பயிர் அல்ல, வழிபாடு. நாக்கு மறந்ததைச் சடங்கு நினைவில் வைத்திருக்கிறது.

இந்தச் சிவப்பு வெள்ளைக் கணக்கை அறிவியல் எப்போது எடுத்தது என்று தேடினால் நம் ஊர்க் கதவு ஒன்று திறக்கிறது. 1912-இல் கோயம்புத்தூரில் நெல் இனவிருத்தி நிலையம் தொடங்கியது. அங்கே அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளராக இருந்த எஃப். ஆர். பார்னெல், ஜி. என். ரங்கசாமி அய்யங்கார், கே. ராமையா மூவரும் 1917-இல் நெல்லின் பண்புகள் தலைமுறை தாண்டி எப்படிப் போகின்றன என்று ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். மெண்டலின் விதிகள் உலகின் கண்ணில் மறுபடி பட்டுப் பதினேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. நெல்லில் கலப்புச் செய்வது கண்ணைப் பிடுங்கும் வேலை. சின்னஞ்சிறு பூவைத் திறந்து ஆறு மகரந்தப்பைகளையும் எடுக்க வேண்டும். தோல் தாயுடையது என்பதால் நிறக் கணக்குக்கு ஒரு தலைமுறை கூடுதலாகக் காத்திருக்கவும் வேண்டும். பொறுமையில்லாத ஆளுக்கு ஏற்ற ஆய்வல்ல. 1921-இல் பார்னெல் அந்தக் காத்திருப்புக்கே ஒரு குறுக்குவழி கண்டார், நிறத்துக்கு அல்ல, அரிசியின் ஒட்டும் தன்மைக்கு. மகரந்தத்தில் அயோடின் சொட்டு விட்டால், கலப்புச் செடியில் பாதித் துகள்கள் நீலமாகவும் பாதி செம்பழுப்பாகவும் மாறின. வயலில் தலைமுறை தாண்டிப் பார்க்க வேண்டிய பிரிவினையை உருப்பெருக்கியின் கீழ் ஒரு நொடியில் பார்த்துவிட்டார். ராமையா பின்னால் கட்டாக்கில் 1946-இல் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் ஆனார். ரங்கசாமி அய்யங்கார் சிறுதானியங்கள் பக்கம் போனார். சோள மணியின் சிவப்பு, மஞ்சள், வெள்ளை நிறங்களின் வாரிசுக் கணக்கைக் கோவையில் இருந்தே எழுதினார். சாப்பாட்டுக்குச் சோளம் வாங்கும்போது இவர்களில் ஒருவரையாவது நினைக்கிறோமா என்று கேட்டால், நானும் இதை எழுதும்வரை நினைத்ததில்லை.

அந்தத் தலைமுறைக்குக் கணக்கு தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. எழுத்தைக் கண்டது 2006-இல். அதே கார்னெல் குழுவில் மேகன் ஸ்வீனி, மலேசியாவிலிருந்து வந்த ஒரு காட்டு நெல்லை ஜெஃபர்சன் என்ற அமெரிக்க வெள்ளை ரகத்தோடு கலந்து பிறந்த பிள்ளைகளில் சிவப்பின் இருப்பிடத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கொண்டுவந்து, ஆர்சியையும் அதிலிருந்த ஓட்டையையும் பிடித்தார். ‘சிவந்த கையோடு மாட்டியது’, அதாவது கையும் களவுமாக, என்று ஆங்கிலச் சிலேடையாகவே அந்தக் கட்டுரைக்குத் தலைப்புப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானியக் குழு ஒன்று ஆர்டி என்ற கொல்லரையும் அடையாளம் காட்டியது.

மேஸ்திரி தனியாள் இல்லை என்பதும் தெரியவந்தது. இந்தத் துவர்ப்பு வேலையை ஏவ மூன்று வகைப் புரதங்கள் கைகோத்து நிற்க வேண்டும். நெல்லில் விழுந்தவர் அந்த மூவரில் ஒருவர். கோதுமையில்? அங்கேயும் பூர்வீகம் சிவப்புதான். 1909-இல் ஸ்வீடனின் ஸ்வாலோஃப் நிலையத்தில் ஹெர்மன் நில்சன்-ஏலே, சிவப்பும் வெள்ளையுமான கோதுமைகளைக் கலந்து சில கலப்புகளில் 63 சிவப்புக்கு ஒரு வெள்ளை என்ற விசித்திரக் கணக்கைக் கண்டார். ரொட்டிக் கோதுமை மூன்று புல்லினங்கள் ஒன்றாகிப் பிறந்தது. அதனிடம் அதே வேலைக்கு மூன்று மேஸ்திரிகள். மூவரும் விழுந்தால்தான் வெள்ளை. அந்தக் கோதுமை மேஸ்திரி மூவர் கூட்டணியின் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். சோளத்தில் துவர்ப்பில்லாத மணிகளைத் தேடிப்போனவர்கள் 2012-இல் பிடித்ததோ மூன்றாமவரை. நெல்லில் ஒருவர், கோதுமையில் இன்னொருவர், சோளத்தில் மற்றொருவர். மூன்று பயிர்களின் உழவர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே நாற்காலியின் வெவ்வேறு கால்களை உடைத்திருக்கிறார்கள்.

நட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? மழையில் அறுவடை செய்த கோதுமைக்காரருக்கு அது தெரியும். வெள்ளைக் கோதுமை ஈரம் பட்டால் கதிரிலேயே முளைவிடும். சிவப்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நெல்லில் இதன் காரணத்தை 2011-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கண்டார்கள். விதை உறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றைத் துரத்திக்கொண்டு போய்ப் பார்த்தால், அது ஆர்சிதான். நிறத்தை ஏவும் அதே மேஸ்திரி, விதையைத் தூங்கவைக்கும் அப்சிசிக் அமிலத்தையும் கூட்டுகிறார். காட்டில் இது உயிர்நாடி. உதிர்ந்த விதை எல்லாம் ஒரே மழைக்கு முளைத்தால் அடுத்த வறட்சியில் எல்லாம் சாகும். சில தூங்க வேண்டும், சில விழிக்க வேண்டும். உழவனுக்கு வேண்டியது நேர்மாறு: விதைத்த அன்றே எல்லாம் ஒன்றாக முளைக்க வேண்டும். வெள்ளையைத் தேர்ந்தவர்கள் தெரிந்தோ தெரியாமலோ தூக்கத்தையும் சேர்த்தே கலைத்தார்கள். உறக்கத்துக்கு வேறு மரபணுக்களும் உண்டு என்பதால் வெள்ளை நெல் முழுக்கத் தூக்கமிழந்ததில்லை.

தூங்கும் சிவப்பின் வலிமையை அமெரிக்க நெல் விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1846-இலேயே அங்கே சிவப்பு நெல் ஒரு களையாகப் பதிவாகியிருக்கிறது. ஆசிய விதையோடு கப்பலேறிய அந்தக் களை அறுவடைக்கு முன்பே உதிர்ந்து, மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கி, பயிரோடு பயிராக எழுந்து நிற்கும். அதைக் கொல்லும் மருந்து சாதாரண நெல்லையும் கொல்லும், ஏனென்றால் அதுவும் நெல்தான். ஆலையில் வெள்ளையோடு கலந்து வந்தால் அந்தச் சிவப்பைப் போக்க அதிகம் தீட்ட வேண்டும். தீட்டினால் அரிசி நொய்யாகும். நொய்க்கு விலை இல்லை. அதனால் அமெரிக்க விதைவயலில் ஒரு சிவப்பு மணி என்றால் கைகால் பதறும்.

அப்படிப் பதறவைத்த மணிகள் ஆர்க்கன்சாவில் வெல்ஸ் என்ற வெள்ளை ரகத்தில் தென்பட்டன. 1999-இல் அந்த மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். சந்தேகம் இயல்பாகவே களை நெல்மீதுதான் விழுந்தது, காற்றில் ஏதோ மகரந்தம் வந்திருக்கும் என்று. மரபணு அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது கலப்புக்கான தடயமே இல்லை. செடி முழுக்க முழுக்க வெல்ஸ். ஆர்சியைப் படித்தார்கள். பதினான்கு எழுத்துகள் இன்னும் காணவில்லை. ஆனால் அந்த ஓட்டைக்குச் சற்று முன்னால் இன்னோர் எழுத்தும் தவறியிருந்தது.

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். ‘வய’ போன வரியில் அதற்கு முன்னாலிருக்கும் ‘வு’வையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது உழல்கதிர்அரிசி. மும்மூன்றாகப் பிரித்தால்: உழல், கதிர், அரிசி. உழவு உழல் ஆகிவிட்டது, வயல் போய்விட்டது. ஆனால் கதிரும் அரிசியும் திரும்பிவிட்டன. பதினான்கோடு ஒன்று சேர்ந்து பதினைந்து, மூன்றால் வகுபடும் எண். ஐந்து அமினோ அமிலங்கள் குறைந்த ஒரு மேஸ்திரி எழுந்து வந்து பட்டறையைத் திறந்துவிட்டார். இந்தக் கண்டுபிடிப்பு 2008-இல் அச்சானது. அடுத்த ஆண்டு இத்தாலியிலிருந்து இதே மாதிரி இன்னொன்று: பெர்லா என்ற வெள்ளை ரகத்தில் தானாகத் தோன்றிய சிவப்பு, பெர்லா ரோஸ்ஸோ. அங்கேயும் ஒரே எழுத்து வரிசையாக நிற்கும் இடத்தில் ஒன்று வழுக்கி விழுந்து கணக்கு நேரானது.

விதைவயலில் நிறம் மாறிய செடியைக் கண்டால் வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே எறிவதுதான் எங்கும் வழக்கம். ஆர்க்கன்சாவில் அந்தச் சிவப்பு மணிகளைக் கண்டவர்கள் எறியவில்லை. எடுத்துவந்து முளைக்கப் போட்டார்கள்.